மல்லிகை இருக்கும் முனை

என் பெயர் இராஜம்மா. பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பது வருஷமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு குடை, பூவை ஈரமாக வைக்க இரண்டு வாளி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இந்தத் தெருவுக்கே தெரியும்.

அதனால்தான் தெருவைச் சீரமைக்க வந்த பிரேமினியிடம் முதல் நாளே சண்டைக்குப் போய்விட்டேன். அவள் போட்டிருந்த வரைபடத்தில் நடைபாதை அகலமாக இருந்தது, மரக்கன்று இருந்தது, வயசானவர்கள் உட்காரப் பெஞ்சு இருந்தது. என் கடை மட்டும் சாலைக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது.

"அந்தப் பக்கம் வெயில் பொளக்கும்மா. பத்து மணிக்கே பூ வாடிடும். அப்புறம் நான் என்னத்த விக்கிறது?"

"கோச்சிக்காதீங்க ஆன்டி. உங்க வாளி எங்க இருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் ஓடுகளின் மேல் இருந்தது. கண் தெரியாதவர்கள் காலால் தடவி நடப்பதற்காக மேடு மேடாகப் பதித்த ஓடுகள். வாளி அதில் வழுக்காமல் நிற்கும் என்று பதித்த நாளிலிருந்தே அங்கேதான் வைக்கிறேன். இத்தனைக்கும், அந்த ஓட்டின் மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவனையெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் யுகேந்திரன் வந்தான். பக்கத்துச் சந்தில் மசாஜ் செய்கிறவன், பார்வை கிடையாது. என் வாளிக்கு முன்னால் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கினான். ஒரு பஸ் அவன் தோளை உரசுவதுபோல் போனது. ஏழு வருஷமாக அவன் இப்படித்தான் இறங்கியிருக்கிறான், நானும் பார்த்துக்கொண்டே பூக் கட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மறுநாள் பிரேமினி வந்தபோது நானே சொன்னேன்: "சரிம்மா. நான் அந்தப் பக்கம் போயிடுறேன்."

கடையருகே நின்ற யுகேந்திரன் காதில் அது விழுந்துவிட்டது.

"என்னக்கா இது? நீங்க போயிட்டா நான் எங்க திரும்புறது?"

"அதான் ஓடு இருக்குல்ல?"

"ஓடு நேராப் போயிக்கிட்டே இருக்கும் லா. என் சந்து எங்கன்னு அது சொல்லாது. உங்க மல்லிப்பூ வாசம் வந்ததும் பத்து எட்டு வைப்பேன், இடது பக்கம் திரும்புவேன். வந்த நாள்லேருந்து அப்படித்தான்."

பிரேமினி அவனை மூன்று முறை அந்த வழியே நடக்கச் சொல்லி, பின்னாலேயே போய் அளந்துகொண்டாள். பிறகு வரைபடத்தில் என் கடையை அடித்துவிட்டு, பழைய முனையிலேயே சுவரோரமாக வரைந்தாள்.

வேலை முடிந்து நாலு மாதம் ஆகிறது. தலைக்கு மேல் கூரை, வாளிக்குத் தனி மேடை, மஞ்சள் ஓடு காலி. யுகேந்திரன் இப்போது சாலையில் இறங்குவதில்லை. ஓட்டின் மேல் யாராவது வண்டி வைத்தால், "பாஸ், எடு" என்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் தங்கச்சி மகள் கல்யாணம். ஒரு நாள் கடை அடைப்பு. பட்டுப்புடவையோடு ரயிலுக்குப் போனவள், பாதி வழியில் திரும்பி ஓடி வந்தேன். தலையில் வைத்திருந்த இரண்டு முழம் மல்லியைக் கழற்றி, கடை முன்னாலிருக்கும் விளக்குக் கம்பத்தில் கட்டினேன்.

வெறுந்தலையோடுதான் கல்யாணத்துக்குப் போனேன்.