ஐந்து நாற்காலியின் இரண்டாவது பாட்டு

தொட்டிக்குள் இறங்கியவன் ஏறி வரும்வரை வாசலில் இருப்பவன் அசையக்கூடாது. சவூதியின் ஜுபைலில் ஜெகினுக்குச் சம்பளம் கிடைத்தது இதற்குத்தான். ஹோல்வாட்ச் என்பார்கள். ஆள் நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், கையில் உள்ளே இருப்பவனைக் கட்டிய கயிற்றின் நுனி, மடியில் நோட்டு. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு இதைவிட நல்ல வேலை யார் தருவார்கள்?

ஆலையை நிறுத்திவைத்துத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் அந்த ஷட்டவுனில் அவன் காவல் காத்தது ரெங்கராஜை. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், முப்பத்தெட்டு வயது. காற்றுக் குழாய் மாட்டிய முகமூடியோடு உள்ளே இறங்கி, சுவரில் ஒட்டிய கசடைச் சுரண்டுவார். நாலு தொட்டிக்கு மூன்று வாக்கிடாக்கிதான் இருந்தன. இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் தட்டுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜெகின் வெளியிலிருந்து ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவான். ரெங்கராஜ் உள்ளிருந்து இரண்டு தட்டுவார். விடாமல் தட்டினால் ஆபத்து என்று அர்த்தம். உடனே இழுக்க வேண்டும்.

பாட்டைக் கொண்டுவந்தவன் யோனாஸ். கம்ப்ரஸர் பூட்ட வந்த ஸ்வீடன்காரன். அவனுடைய மச்சினன் ஊரில் ஒரு பாண்டு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். பாண்டின் பெயருக்கு அவர்கள் மொழியில் ஐந்து நாற்காலி என்று அர்த்தமாம். இருந்ததோ நாலு பேர். மொத்தம் நாலே பாட்டு. யோனாஸ் அவற்றை ஜெகினின் எம்பி3 பிளேயரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் உலகமே இவர்களைக் கேட்கும் என்றான்.

ஜெகின் முதலில் மரியாதைக்குத்தான் கேட்டான். இரண்டாவது பாட்டில் மாட்டிக்கொண்டான். மூன்று நிமிடம்கூட இல்லை. கிடார்கள் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். மேலே மூன்று குரல் சேர்ந்து எழும்பும், குளச்சல் கோயிலில் ஈஸ்டர் பாடகர் குழு எழும்புமே, அதுபோல. யோனாஸ் சொன்ன அர்த்தத்தைக் கேட்டால் அழுகை: பஸ் வரவில்லை, அவளும் வரவில்லை, பனி பெய்கிறது. மெட்டோ குதிக்கச் சொன்னது. அழவேண்டியதைக் குதித்துக்கொண்டே சொல்லலாம் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. நடுவில் எல்லோரும் கைதட்டுவார்கள்: இரண்டு, ஒன்று, இரண்டு. கடைசியில் டிரம்ஸ் மூச்சுவிடாமல் அடித்துக்கொண்டே போய், சட்டென்று நின்று, ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரே ஒரு கிடார்.

வெள்ளிக்கிழமை நெட் கஃபேயில் அவர்களுடைய பக்கத்தைத் திறப்பான். இரண்டாயிரம் பேர்கூடக் கேட்டிருக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எதுவும் அவனுக்குக் கடைசியில்தான் வந்து சேரும். இது ஒன்று முதலில் வந்திருந்தது.

கேம்ப் பஸ்ஸில் ஒரு இயர்போனை ரெங்கராஜின் காதில் சொருகினான்.

"என்னடா இது, கதவிடுக்குல பூனை மாட்டுன மாதிரி?"

"கைதட்டு வருது பாருங்கண்ணே, இப்ப."

"கல்யாண வீட்டுல பந்தி முந்துற மாதிரில்ல ஓடுறானுவ. யாரும் தொரத்துறாங்களா?"

நாலாவது நாள் அவராகவே காதை நீட்டினார். "அந்தப் பந்திப் பாட்டப் போடு."

இரண்டு தட்டு எப்போது பாட்டாக மாறியது என்று ஜெகினுக்குச் சரியாக நினைவில்லை. பன்னிரண்டு மணிநேர டூட்டியில், வெறும் இரண்டு தட்டு அலுத்துப்போயிற்று. ஒருநாள் இரண்டு, ஒன்று, இரண்டு என்று தட்டினான். உள்ளிருந்து அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் ரெங்கராஜ் கடைசி டிரம்ஸையும் சேர்த்துவிட்டார். சுரண்டியால் தகரம் அதிர அடித்து, நிறுத்தி, ஒரு கணம் கழித்து ஒரே ஒரு தட்டு. ஜெகின் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான். அந்த வழியாகப் போன சேஃப்டி ஆபீசர் உமாபதி, "என்னடா, கச்சேரியா?" என்று கேட்டார். நின்று விசாரிக்கவில்லை.

பதினோராம் நாள் காலை, சாரம் கட்டுகிறவர்கள் பக்கத்துத் தொட்டிக்கு இரும்புக் குழாய்களை நகர்த்தினார்கள். ஒன்று ரெங்கராஜின் காற்றுக் குழாய்மேல் உட்கார்ந்து காற்றை அடைத்தது. ஜெகின் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது.

உள்ளிருந்து வேகமாகத் தட்டல் வந்தது. விடாமல். ஜெகினுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் இன்றைக்கு நல்ல குஷியில் இருக்கிறார் என்று நினைத்தான். இரண்டு, ஒன்று, இரண்டு என்று பதில் தட்டினான். மறுபடியும் வந்தது, முன்னைவிட வேகமாக. மறுபடியும் பதில் தட்டினான். அப்புறம் நின்றது.

அந்த ஒரே ஒரு தட்டுக்காக அவன் காத்திருந்தான்.

எவ்வளவு நேரம் என்று பின்னால் பலமுறை எண்ணிப் பார்த்தான். அரை நிமிடம் இருக்கலாம். ஒன்றரை இருக்கலாம். பிறகுதான் கயிற்றை இழுத்தான். கயிறு வரவில்லை. கத்தினான். நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே கொண்டுவந்தபோது ரெங்கராஜின் முகமூடி கழன்று கழுத்தில் தொங்கியது. காற்று வராதவன் பிய்த்து எறியத்தான் செய்வான். ஆம்புலன்ஸ் வந்தது. பிரயோஜனமில்லை.

மறுநாள் உமாபதி அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நகர்த்தினார்.

"தொழிலாளி தானே முகமூடியைக் கழற்றினார். உள்ளேருந்து எந்தச் சிக்னலும் வரல. கையெழுத்துப் போடு."

"வந்துச்சு சார்."

"என்ன வந்துச்சு?"

"தட்டுனாரு. ரெண்டு தடவ. நான் பாட்டுன்னு நெனச்சேன்."

உமாபதி எழுந்து கதவைச் சாத்தினார். "பாட்டுன்னு எழுதட்டுமா? அரபி படிச்சுட்டுச் சிரிப்பானா அழுவானா? ஜெயில்டா தம்பி. நான் பாத்துட்டுச் சும்மா போனேன்னு என்னையும் சேர்த்துப் போடுவான். செத்தவன் செத்துட்டான். கலாஸ், முடிஞ்சுது."

"நான் போட மாட்டேன் சார்."

அவர் வற்புறுத்தவில்லை. இரண்டு நாளில், ஊருக்கே திருப்பி அனுப்பும் எக்ஸிட் முத்திரை அடித்த பாஸ்போர்ட் வந்தது. வாங்கப் போனபோது உமாபதியின் மேஜையில் அதே தாள் கிடந்தது. கீழே ஜெகினின் கையெழுத்து, அவன் போடுவதைவிட அழகாக. அவன் அதைப் பார்ப்பதை உமாபதியும் பார்த்தார்.

கிளம்புவதற்கு முன், ஸ்வீடனுக்குத் திரும்பிவிட்ட யோனாஸின் ஈமெயிலைப் படித்தான். பாண்டைப் பெரிய கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டதாம். இரண்டாவது பாட்டு ரேடியோவில் ஓடுகிறதாம். நீங்கள்தான் முதல் ரசிகர்கள் என்று எழுதியிருந்தான். ஜெகின் பதில் போடவில்லை. பாட்டின்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. இன்னமும் நல்ல பாட்டாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தம்மாம் விமான நிலையத்து பூத்திலிருந்து ரெங்கராஜின் வீட்டுக்கு ஃபோன் போட்டான். அவர் மனைவி நாகவள்ளி எடுத்தார். ரெங்கராஜ் பேசும்போது நாலைந்து முறை ஃபோனை இவனிடம் கொடுத்ததுண்டு. அவர் குரல் இவனுக்குத் தெரிந்தது.

"அக்கா, ஜெகின் பேசுறேன்."

"தம்பி, நீங்களே சொல்லுங்க. அவரா கழட்டிட்டாருன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. ஊரெல்லாம் அதையே பேசுது. சொன்ன வேலையச் சொன்னபடி செய்யிற மனுஷன். அத ஏன் கழட்டுனாரு?"

"காத்து வரலக்கா. அதான் கழட்டுனாரு. அவரு மேல தப்பில்ல."

"கூப்பிட்டாரா?"

"தட்டுனாரு. ரெண்டு தடவ."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய. அங்கேயேதான் இருந்தேன்."

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டு?"

"நானும் தட்டுனேன்க்கா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. வசை வரும் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். வரவில்லை. ஃபோனை அவர் வைக்கவும் இல்லை. பின்னால் ஃபோனுக்கு வரிசையில் நின்ற ஒருவன் "ஜல்தி பாய்" என்று தோளைத் தொட்டான். ஜெகின் நகரவில்லை.