மாடி அறையில் முட்டை

அன்று மாலை மாடி அறையில் இருந்தவர்கள்: நான், உஸ்மான், என் கழுத்தில் தொங்கிய பைக்குள் ஒரு சுகர் கிளைடர். கீழே அம்மா. அப்பா கோயிலுக்குப் போயிருந்தார்.

சுகர் கிளைடர் அணில் அளவுப் பிராணி. பகலெல்லாம் தூங்கும், இருட்டினால் விழிக்கும். உஸ்மானின் அண்ணன் சென்னையில் வாங்கிவந்து, மூன்றே மாதத்தில் துபாய்க்குப் போய்விட்டான். கூண்டில் ஒண்டியாகக் கிடந்து அது தன் வால் முடியைத் தானே பிடுங்கிக்கொண்டது. கை நீட்டினால் பழுதான மிக்ஸி மாதிரி கத்தும். கடிக்கும்.

"நீதான் ராத்திரி பூரா ஆந்தை மாதிரி முழிச்சிக்கினு இருக்கியே, வச்சிக்கபா," என்று உஸ்மான் என் தலையில் கட்டினான். ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டு நான்கு மாதம். தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

அவன் தன் பட்டுக்கடையில் மிஞ்சிய துண்டில் அதற்கு ஒரு பை தைத்துத் தந்தான். ஜரிகை வைத்தது. முதல் நாளே இழையில் நகம் மாட்டி, பிய்ந்து, ரத்தம். அதை வீசிவிட்டு, மூன்று நாள் போட்ட என் பனியனை வெட்டிப் பை தைத்து மாட்டிக்கொண்டேன். தொடவே இல்லை. என் வாசனை முதலில் பழகட்டும் என்று விட்டேன். பதினோராம் நாள் கத்துவதை நிறுத்தியது.

ஆனால் பின்னங்கால் இழுத்தது. கால்நடை டாக்டர் திட்டினார்.

"வெறும் வாழைப்பழமும் பிஸ்கட்டுமா? கால்சியமே இல்ல. இந்தப் பொடியை முட்டையில கலந்து குடுங்க. இப்படியே விட்டா செத்துடும். இது ஒண்டியா வாழற ஜாதியும் இல்ல. ஜோடி கிடைக்கிற வரைக்கும் நீங்கதான் அதுக்குக் கூட்டம்."

அப்பா கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிப்பவர். எங்கள் வாசலை முட்டை தாண்டியதே இல்லை.

உஸ்மான் சட்டைப் பையிலிருந்து வேகவைத்த முட்டையை எடுத்தான். "தங்கம் கடத்துனாக்கூட இவ்ளோ பயம் இருக்காது. ஐயரு வூட்ல முட்ட!"

"ஐயர் இல்லடா, ஐயங்கார்."

"முட்டைக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா."

ஓட்டை உரித்துத் தட்டில் வைத்தான். ஒரு துளி கிள்ளி, பொடியில் பிசைந்து, விரல் நுனியில் வைத்துப் பையின் வாயருகே நீட்டினேன். மூக்கு வந்தது. பிறகு தலை. இரண்டு கையாலும் விரலைப் பிடித்துக்கொண்டு தின்றது. கடிக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றாள். "என்னடா நாத்தம் இது?"

உஸ்மான் எழுந்தேவிட்டான். "மருந்துமா..."

அம்மா தட்டைப் பார்த்தாள். பையிலிருந்து இறங்கி, காலை இழுத்தபடி தட்டுக்கு நகர்ந்த பிராணியையும் பார்த்தாள்.

"இதைத் தின்னா கால் சரியாகுமா?"

"தின்னலைன்னா செத்துடும்மா."

கீழே வாசல் கேட் கிறீச்சிட்டது. "ஹேமாம்புஜம்!" அப்பாவின் குரல்.

"வரேன்னா!" என்று கத்திவிட்டு, ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்தாள். "முட்டை ஓட்டைக்கூட இங்க போடப்படாது. உஸ்மான், போறச்சே நீயே எடுத்துண்டு போயிடு. அவர் கூப்பிட்டா ரெண்டு பேரும் வாயத் திறக்காதேங்கோ. முழுசும் குடுடா."

வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் பூட்டு விழும் சத்தம் கேட்டது.