காலேசுக்கு ஒரு கை வத்தல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் வரும் டவுன் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த ஒரு பெண் பக்கத்துக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டேன். பஸ் இரைச்சலில் பாதி போயிற்று. மீதியில் பாதியை நான் மறந்துவிட்டேன். காணாமல் போனதை இட்டு நிரப்புகிறவனுக்குத்தான் எழுத்தாளன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடிவு உண்டா என்று இப்போதே கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கரிசல் மண்ணில் செக்கச்செவேலென்று காய்ந்துகிடந்த மிளகாய் வத்தலைப் போலவே பேச்சியின் கனவுகளும்..."

எனக்கே கூச்சமாக இருந்தது. வத்தல் காய்ந்தால் விலை கிடைக்கும். கனவு காய்ந்தால் என்ன கிடைக்கும்? அடித்துவிட்டேன். (அடித்ததை ஏன் காட்டுகிறேன் என்றால், செய்ததை மறைக்கிறவர்கள் இந்தக் கதையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.)

2

மறுபடியும் தொடங்குகிறேன். வருடம் 1981. பேச்சி பிளஸ் டூ தேறியிருக்கிறாள். அப்பா மூக்காண்டி வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி. விளைந்ததைச் சங்கரன்கோவிலில் சங்கரலிங்கம் முதலாளியின் கமிஷன் கடையில்தான் கொண்டுவந்து போடுவார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். தராசில் ஏற்றுவதற்கு முன்னால் மூட்டையை அவிழ்த்து, முதலாளி முழங்கை வரைக்கும் கையை விட்டு, ஒரு கை வத்தலை அள்ளித் தனிச்சாக்கில் போடுவார். "காலேசுக்கு" என்பார். இதற்கு மகமை என்று பெயர். வியாபாரிகள் தங்கள் வரும்படியில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவது பழைய மகமை. சம்சாரியின் மூட்டையிலிருந்து எடுத்து ஒதுக்குவது முதலாளி கண்டுபிடித்த மகமை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தால் புண்ணியம் யாருக்கு என்று பிள்ளையார் இதுவரை விசாரித்ததில்லை.

அள்ளும்போது முதலாளியின் கை வளர்ந்துவிடுகிறது என்பது சம்சாரிகளின் ஏகோபித்த அபிப்பிராயம். ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் பொதுநலக் கல்லூரியின் சுவர் எழும்ப எழும்ப, மூக்காண்டி பஸ் ஜன்னல் வழியாக மகளுக்குக் காட்டுவார்.

"பாத்தியா தாயி, இதுல நம்ம வத்தலும் இருக்கு."

(பொதுநலக் கல்லூரியைத் தேடிக்கொண்டு யாரும் பஸ் ஏறவேண்டாம். அப்படி ஒன்று அங்கே கிடையாது. அதைக் கட்டியது நான். யாருடைய மூட்டையிலும் கை விடவில்லை என்று சொல்ல ஆசைதான். கடைசியில் பார்ப்போம்.)

3

அப்பாவும் மகளும் கல்லூரியில் சேரப் போனார்கள். செயலாளர் நாற்காலியில் இருந்தவரும் சங்கரலிங்கம் முதலாளிதான். கடையில் சட்டை போடாமல் இருப்பார், இங்கே போட்டிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

"வே மூக்காண்டி, பொம்பளப் புள்ளைக்கு இங்கன வசதி கெடையாதுவே. கக்கூசே இன்னும் கட்டல. அதுபோக, கட்டட நிதின்னு ஒண்ணு இருக்கு. ஒம்மால முடியாது."

"மொதலாளி, வருசா வருசம் ஒரு கை குடுத்துக்கிட்டுத்தான இருக்கோம்?"

"அது காலேசுக்குக் குடுத்தது. இது சீட்டுக்குக் கேக்கது. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதேயும்."

இந்த இடத்தில் 'பேச்சியின் கண்களில் நீர் தளும்பியது' என்று எழுதினேன். அவள் ஒத்துழைக்கவில்லை. பஸ்ஸில் நான் கேட்ட குரலில் அழுகிறவள் யாரும் இல்லை. அவள் அப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"செவுரு நம்மளுது, வாசல் மட்டும் அவியளுக்கா?" என்று கேட்டாள்.

மூக்காண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதை வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போனேன்.

4

பல்கலைக்கழகத்திலிருந்து குழு வருகிறது. அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் அங்கீகாரம் நிலைக்கும், மானியமும் வரும். மானியம் கேட்கும்போது முதலாளி 'பின்தங்கிய கிராமத்துப் பெண்களின் உயர்கல்விக்காக' என்று எழுதி அனுப்பியிருந்தார். ஆகவே பெண்கள் வேண்டும். பின்தங்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

ஆய்வு என்றால் நம் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெண் பார்ப்பது. அந்த முறைப்படியே எல்லாம் நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டினார்கள், கேசரி கிண்டினார்கள், பஜ்ஜி போட்டார்கள். நகைநட்டு அக்கம்பக்கத்தில் இரவல். ஆய்வுக்கூடத்துக்கு மைக்ராஸ்கோப்புகள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தன. அவற்றோடு அந்தப் பள்ளியின் அறிவியல் வாத்தியார் மருதப்பனும் வந்தார். சங்கிலி இரவல் கொடுத்தவள் கல்யாணப் பெண்ணின் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள் அல்லவா? அவரும் அப்படித்தான், "ஐயா, பாத்து, லென்சு..." என்று யாரையும் கிட்டே விடாமல் சுற்றிச்சுற்றி வந்தார்.

பேச்சியின் வீட்டுக்கு முதலாளியின் ஆள் ஒருவன் வந்தான். "ஒரு நாளைக்கு வந்து ஒக்காந்தாப் போதும். வாயத் தொறக்கப்பிடாது. மத்தியானம் சாப்பாடு உண்டு."

மூக்காண்டி வேண்டாம் என்றார். பேச்சி கிளம்பிவிட்டாள். ஏன் போனாள் என்று விளக்க உளவியலாக ஒரு பக்கம் இடம் விட்டு வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை. கரும்பலகைக்கு நேர் எதிரே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். குழு வரும்வரை சும்மா இருக்கவேண்டாம் என்று ஆசிரியர் வேதியியல் நடத்தினார். அது அவளுக்குப் புரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று, இனிமேல் ஆசையை அடக்க முடியாது.

5

குழுத்தலைவர் அந்த வகுப்புக்குள் வந்து நின்று கேட்டார். "நிதிக்கெல்லாம் என்ன செய்கிறீர்கள்?"

"மகமைங்கய்யா. வெவசாயப் பெருமக்கள் மனசு நெறஞ்சு குடுக்காவ. மூட்டைக்கு ஒரு கை." முதலாளி பக்தியோடு கையைக் குவித்துக் காட்டினார். அதில் நாலு வத்தல் நின்றால் அதிகம்.

பேச்சி எழுந்துவிட்டாள்.

"கடையில இதவிடப் பெரிய கையா இருக்கும்யா."

தலைவர் திரும்பினார். "உனக்கு எப்படியம்மா தெரியும்?"

"எங்க மூட்டையிலதான எடுக்காவ. காலேசுக்குன்னுதான் எடுக்காவ. மூட்டைக்கு ஒரு கை எடுத்தா, வீட்டுக்கு ஒரு புள்ளையாவது உள்ள விடணுமா இல்லியாய்யா? இத யாருட்டப் போயிக் கேக்க?"

குழுவின் பின்னால் வந்து நின்ற மருதப்பன் வாத்தியார் முதல் தடவையாக மைக்ராஸ்கோப்பை மறந்தார். முதலாளியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனால் வியாபாரி வியாபாரிதான்.

"நம்ம மாணவிதாங்கய்யா. பேச்சுப்போட்டியில மொதப் பரிசு."

படித்த பெரியவர்கள் அதை நம்பினார்கள். வயிறெரிந்து சொன்னால் பேச்சுத்திறமை என்று எடுத்துக்கொள்வது அவர்கள் சுபாவம். நிர்வாகத்தையே கேள்வி கேட்கும் மாணவியை உருவாக்கியதற்காகச் செயலாளரைக் கைகுலுக்கிப் பாராட்டி, அங்கீகாரம், மானியம் இரண்டுக்கும் பரிந்துரை செய்துவிட்டுப் போனார்கள்.

தலைவர் மட்டும் ஜீப்பில் ஏறும்போது சொன்னார். "அடுத்த வருஷமும் வருவேன். அந்தப் பெண்ணின் மார்க்கைக் காட்டுங்கள்."

6

இப்போது முடிக்கவேண்டும்.

முடிவு ஒன்று: முதலாளி வேறு வழியில்லாமல் சீட்டுக் கொடுக்கிறார். பேச்சி படித்து அதே ஊருக்கு அதிகாரியாக... கொட்டாவி வந்துவிட்டது.

இன்னொன்று: மருதப்பன் வாத்தியாருக்கு மனசாட்சி உறுத்தி, தலைவருக்கு உண்மையை... இல்லை. மைக்ராஸ்கோப் கீறல் இல்லாமல் திரும்பினால் போதும் என்று அவர் சங்கரநாராயணருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்.

மற்றொன்று: அடுத்த வருடம் முதலாளி நல்ல மார்க்கோடு வேறொரு பேச்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு பேச்சி உண்டு, இரவல் வாங்குவதும் அவருக்குக் கைவந்த கலை. நடக்கக்கூடியது இதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத மனம் வரவில்லை.

7

பஸ்ஸில் கேட்டதற்கே திரும்புகிறேன்.

திங்கட்கிழமை பேச்சி தானாகவே போனாள். அதே முதல் பெஞ்சு. வெள்ளிக்கிழமை வந்த மற்றப் பெண்கள் யாரையும் காணோம். வாழைமரம் வாடிக்கிடந்தது. ஆசிரியர் வருகைப் பதிவுக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், முடிந்தது என்று மூடினார். பேச்சி எழுந்தாள்.

"ஐயா, எம் பேரக் கூப்பிடலியே."

வாசலில் முதலாளி. "ஏட்டி, அது வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுபோச்சு. வீட்டப் பாத்துப் போ."

"நானா மொதலாளி சொன்னேன்? நம்ம மாணவின்னு நீங்கதான சொன்னிய?"

"அப்பொறம் என்னாச்சு தெரியுமா?" என்றாள் முன்சீட்டுப் பெண். கண்டக்டர் விசிலடித்தார். அந்த நிறுத்தத்தில் இந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரி, எதிர்ப்பக்கம் வத்தல் கடைகள். அவள் இறங்கிவிட்டாள். எந்தப் பக்கம் போனாள் என்று எட்டிப் பார்த்தேன். மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து மறைத்துக்கொண்டது.

இந்தக் கதைக்குப் பத்திரிகை எனக்குச் சன்மானம் அனுப்பும். ஆக, நானும் அவள் மூட்டைக்குள் ஒரு கை விட்டாயிற்று. காசு கொடுத்து வாங்கினீர்களோ இரவல் வாங்கினீர்களோ, படித்ததில் உங்களுக்கும் ஒரு கை கிடைத்திருக்கும். முடிவையும் நானே அள்ளிக்கொள்வது நியாயமில்லை.

வகுப்பில் ஆசிரியர் மூடிய பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கிறார். முதலாளி உங்களைப் பார்க்கிறார், நீங்கள் வழக்கம்போல் வாயைத் திறக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில். பேச்சி நின்றுகொண்டிருக்கிறாள். பெயரைக் கூப்பிடும்வரை அவள் உட்காரப்போவதில்லை.