மிச்சம் எட்டு விநாடி

...ஏழாம் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள், அறிக்கையில் அவ்வளவு தூரம் போகிற உறுப்பினர் இந்த மாநகராட்சி மன்றத்தில் யார் இருக்கிறார், முதல் பக்கத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள், நடுவில் இருப்பதெல்லாம் தேநீர்க் கோப்பை வைக்கத்தான், அப்புறம் ஏன் எனக்கு இப்படி வியர்க்கிறது... நாற்பது பிரதி. காலையில் நானே எடுத்து, நானே பின் அடித்து, மேசை மேசையாக நானே வைத்தேன், மிச்சம் ஐந்தை வாசலில் பொதுமக்களுக்கென்று வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சும்மா புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது, ‘எங்கள் உறுப்பினர்களின் லாபம் குறையாமலிருக்க இந்த விலக்கு மிகவும் அவசியம்.’ மாநகராட்சிக்கு ஏது லாபம்? படித்துவிட்டு நிமிர்கிறேன், தலைவர் உள்ளே வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நானும் நின்றேன்.

விடுதி உரிமையாளர் சங்கம் எழுதிய வரி அது. சங்கத்தின் வரி என்ன, அறிக்கையே அவர்களுடையதுதான், செயலாளர் பென் டிரைவில் கொண்டுவந்து எங்கள் அதிகாரி மேசையில் வைப்பார், அதிகாரி அதை என்னிடம் நீட்டுவார், “தலைப்ப மட்டும் நம்மளுதா மாத்திடும்மா.” பதினொரு வருடமாக மாற்றுகிறேன். ‘சங்கம்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘மாநகராட்சி’ என்று கணினியே போட்டுவிடும், இந்த வரியில்தான் ‘சங்கம்’ என்ற சொல்லே இல்லையே, அது பாவம் என்ன செய்யும், படித்துப் பார்த்திருக்க வேண்டியவள் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதிகாரி பின்னால் நின்றுகொண்டு “ஆச்சாம்மா, ஆச்சாம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்... ஊர் முழுக்கத் தொழிலாளிகளுக்கு மணிக்கூலி ஏறப் போகிறது, ஆற்றங்கரை வளர்ச்சிப் பகுதியில் இருக்கிற விடுதிகளுக்கு மட்டும் ஐந்து வருடம் விலக்கு, இல்லாவிட்டால் முதலீடு ஓடிவிடுமாம். அக்கா வேலை செய்கிற விடுதி ஆற்றங்கரையை விட்டு நாலு கட்டிடம் தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் வரைபடத்தில் கோடு அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து போய் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, அந்த வரைபடத்தை அறிக்கையில் ஒட்டியவளும் நான்தான். வேலியே பயிரை மேய்கிறது என்று நான் யாரைச் சொல்வது?

கூலி ஏறினால் ராத்திரி ஷிப்டை விட்டுவிடலாம் என்று மூன்று மாதமாக அக்கா கணக்குப் போடுகிறாள். சலவைப் பிரிவில் ஈரப் படுக்கை விரிப்பைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, இப்படியே போனால் படுக்கையில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், “உங்க அறிக்கையில என்னடி போட்டிருக்கீங்க?” “அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுக்கா.” சிரித்தாள், “பெரிய கலெக்டரு இவ.” நானும் சிரித்தேன், எப்படிச் சிரித்தேன்...

இப்போது சங்கச் செயலாளர் பேசிக்கொண்டிருக்கிறார். பொதுமக்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம், கடிகாரமும் மணியும் என் மேசையில், நேரம் முடிந்தால் மணி அடிப்பதும் பேசியதைக் குறிப்பெழுதுவதும் என் வேலை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்கள், இங்கே மணி என் கையிலேயே இருக்கிறது, சம்பளம் பூனை கொடுக்கிறது. இரண்டு நிமிடம் ஆனதும் விரல் மணிக்குப் போனது, தலைவர் என் பக்கம் திரும்பாமலே மேசைக்கடியில் உள்ளங்கையைக் காட்டினார், இரு என்று. எப்போதும் காட்டுவதுதான். இருந்தேன். செயலாளர் ஐந்து நிமிடம் பேசி, தண்ணீர் குடித்து, இன்னும் ஒரு நிமிடம் பேசி அமர்ந்தார். ‘இரண்டு நிமிடம் கருத்துத் தெரிவித்தார்’ என்று எழுதினேன். பேச வந்தவர்கள் பெயரெழுதிக் கொடுத்த சீட்டுகளில் அடுத்ததை எடுத்தேன்... இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியுமே, வீட்டு மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

அக்கா சொல்லவே இல்லையே, பாவி. வேலை உடுப்போடு வந்து நிற்கிறாள், முதுகை ஒரு பக்கமாகச் சாய்த்து, என்னைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கையில் அறிக்கை. வாசலில் நான் வைத்த ஐந்தில் ஒன்று. “ஐயா, வணக்கம், பதினாலு வருஷமா சலவைல இருக்கேன். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேக்கத்தான் வந்தேன். இத வாசல்ல உக்காந்து முழுசா படிச்சேன்யா.” முழுசாகவா? வரிக்கு அடியில் விரல் வைத்துப் படிப்பவள் அவள், ஒரு வரி தப்பாது. ஐந்தாம் பக்கத்தைச் சொல்கிறாள், வரைபடத்தைச் சொல்கிறாள், தாளைப் புரட்டுகிறாள், ஒரு நிமிடம் நாற்பது விநாடி... படித்துவிடுக்கா. பின் வரிசையில் நிருபர் இருக்கிறார், அந்த ஒரு வரி போதும், விலக்குக்கான இன்றைய ஓட்டெடுப்பு நின்றுவிடும், உன் முதுகு பிழைக்கும். அப்புறம் யார் தட்டச்சு செய்தது என்று கேட்பார்கள், அதிகாரி என்னைக் காட்டுவார், பென் டிரைவ் என்று ஒன்று இருந்ததாகவே யாருக்கும் நினைவிருக்காது, வீட்டு வாடகை என் சம்பளத்தில்தானே போகிறது, வேண்டாம்க்கா, படிக்காதே... படி... “ஏழாம் பக்கத்துல எங்கள் உறுப்பினர்னு ஒண்ணு வருதுங்கய்யா, அது யாரு அந்த...”

மணி அடித்தது.

பாதியில் வாய் நின்றுவிட்டது. தலைவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள், “ஆயிடுச்சா?” “ஆயிடுச்சுங்க,” என்றேன், என் அக்காவிடம், ஆயிடுச்சுங்க. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள், சாயங்காலம் அந்தப் பை வீட்டுக்குத்தான் வரும். ‘இரண்டு நிமிடம் கருத்துத் தெரிவித்தார்’ என்று எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அதை நிறுத்த மறந்திருக்கிறேன், ஓடிக்கொண்டே இருக்கிறது, மணி அடித்தபோது எட்டு விநாடி மிச்சமிருந்தது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். தலைவர்தான் அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டியிருப்பார் என்று அந்தப் பக்கம் திரும்பினேன். அவர் இரண்டு கைகளாலும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பேசியதையே அவர் கேட்டிருக்கவில்லை.