ஊமைச் சாண்

எரிந்துபோன சலவைக் கூடத்தின் பின்கதவிலிருந்து கழற்றிய கம்பியை ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். விசாரணை அதிகாரியின் ஆள் அதை என் மேசைமேல் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். விரிப்பும் அங்கே வெளுத்ததாகத்தான் இருக்க வேண்டும்; ஓரத்தில் ஏதோ மருத்துவமனையின் முத்திரை இருந்தது. உடனே பிரிக்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே இருப்பது தெரிந்த பொருள்தான். ஒரு மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் கதவோடு சேர்கிற இரண்டு கைகள், நடுவில் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக 'தள்ளு'. பதினோரு வருடத்துக்கு முன் நான் வரைந்தது.

எங்கள் தொழிற்சாலையில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் செய்கிறார்கள். என் வேலை அவசரக் கதவுக்கான தள்ளுகம்பி மட்டும். சாவி தேட வேண்டாம், பிடியைத் திருக வேண்டாம். பயந்து ஓடி வருகிறவர் கம்பிமேல் கை வைத்தாலே பூட்டின் நாக்கு உள்ளே இழுபட்டு, கதவு வெளிப்பக்கம் திறந்துவிட வேண்டும். நல்ல நாளில் யாரும் அதைத் தொடுவதில்லை. கெட்ட நாளில் தொடுகிறவருக்கு இரண்டாம் முறை தொட நேரம் இருக்காது. இதை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வரைபடத்தையும் ஒரு சிறு வேண்டுதலோடு தொடங்குவேன். அப்படித் தொடங்கிய வேலையிலும் தப்பு நடக்கும் என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

சோதனை அறையில் இருக்கும் அண்ணனை எல்லாரும் கிலோ என்றுதான் கூப்பிடுவோம். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். பேத்தி வந்து கட்டிக்கொண்டால், "இன்னிக்கு ரெண்டரைக் கிலோ பாசம்தான், ஏதோ கோவம்போல" என்பார். கரி படிந்த கம்பியை அவர் சோதனைக் கதவில் மாட்டி, பூட்டுப் பக்கம் அழுத்தினார். கதவின் மேலிருந்த அளவியின் முள் ஆறு கிலோ காட்டியது, கதவு திறந்தது. நடுவில் அழுத்தினார். எட்டு. கீல் பக்கத்து முனைக்கு நகர்ந்து முழங்கையை ஊன்றினார்.

"முப்பத்தொண்ணு," என்றார். "ஊமைச் சாண் ஊமையாவே இருக்கு தம்பி. தீயில கூட வாய் திறக்கல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊமைச் சாண் என்பது எங்களுக்குள் புழங்கும் பேச்சு. கம்பியின் இரண்டு கைகளில் பூட்டுப் பக்கத்துக் கைதான் நாக்கை இழுக்கும். கீல் பக்கத்துக் கை வெறும் தாங்கல். அந்த முனையில் ஒரு சாண் தூரத்துக்குள் அழுத்தினால் கம்பி அந்தப் பக்கம் மட்டும் சாயும். நாக்கு பாதியோடு நின்றுவிடும். முழு ஆண்பிள்ளை ஒருவன் உடம்பைக் கொடுத்து அழுத்தினால்தான் திறக்கும். இது எங்களுக்கு முதல் வருடமே தெரியும். கதவைத் தள்ளுகிறவன் தானாகவே கீலை விட்டு விலகித்தான் கை வைப்பான் என்று நானே சொன்னேன். சோதனை அறையில் அப்படித்தான் நடந்தது. எங்கள் கைகள் பழகிய கைகள். பெயின்ட் தேய்ந்த இடத்தில்தான் அவை போய் விழும்.

மதியம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். பெரிய முதலாளியின் மகன், என்னைவிட இளையவர், கெட்ட மனிதர் இல்லை.

"கம்பில பழுது இல்லன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க சார். நமக்கு அது போதும். அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களாமே."

வாக்குமூலத்தின் நகலை என் பக்கம் நகர்த்தினார். அந்தம்மா என்றது, சலவைக் கூடத்தில் விரிப்பு மடிக்கும் பெண். போன மாதம் ஒரு பகல் வேளையில், உலர்த்தும் எந்திரத்தில் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டு கூடம் முழுக்கப் புகையானபோது, பின்கதவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். கதவு திறக்கத் தாமதமானது. இரண்டு பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். தேய்ப்பு மேசைக்காரர் ஒருவர். இன்னொருவர் இந்தப் பெண்ணின் நாத்தனார். நாத்தனாரும் இவரும் ஒரே வீட்டிலிருந்து ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள். வாக்குமூலத்தில் ஒரு வரிக்கு அடியில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். 'தள்ளு தள்ளு என்று பலரும் கூவியதைத் தாம் கேட்டதாகவும், கேட்டும் கதவைத் தள்ளாமல் தள்ளி நின்றதாகவும் ஒப்புக்கொண்டார்.' அடுத்த மாதம் விசாரணை அறிக்கை முடிவாகும். இந்த வரி இப்படியே நின்றால் இரண்டு சாவும் அவர் கணக்கில்தான் சேரும்.

நாலு பக்க வாக்குமூலத்தில், கம்பியில் அவர் எங்கே கை வைத்தார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. வயதான பெண்மணி ஒருவர் கதவைத் திறந்து, நான் யார் என்று கேட்டுக்கொண்டு, உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். இறந்துபோன பெண்ணின் தாய்; மடிப்புக்காரப் பெண்ணுக்கு மாமியார். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் விரிப்புப் போட்டு, சுருக்கமில்லாமல் கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. மருமகள் சமையலறையிலிருந்து தண்ணீரோடு வந்தார். கையில் இன்னும் கட்டு இருந்தது. சொந்த வீட்டிலேயே குற்றவாளியாக நிற்கும்போதும் வந்தவனுக்குத் தாகமாக இருக்கும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அந்த மனதைக் கடவுள் எங்கே வைத்துச் செய்கிறாரோ தெரியவில்லை.

"அன்னிக்கு எப்படி நின்னீங்கன்னு காட்ட முடியுமாம்மா?" என்றேன்.

"காட்டு காட்டு," என்றார் மாமியார், சுவரைப் பார்த்தபடி. "தள்ளச் சொன்னா தள்ளி நிக்கிற மரியாதைக்காரி. வீட்ல ஒரு நாள் அந்த மரியாதையப் பாத்ததில்ல நான்."

மருமகள் தண்ணீரை என்னிடம் கொடுத்தார். வாசல் கதவுக்குப் போய் நின்றார். அதற்கும் இடப்பக்கம்தான் கீல். வலக்கை பின்னால் நீண்டு, எதையோ பிடித்த மாதிரி பாதி மூடிக்கொண்டது. அது நாத்தனாரின் கை என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. மிஞ்சியிருந்த இடக்கை முன்னால் நீண்டு கதவில் பதிந்தது. நான் என் கையை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீலிலிருந்து ஒரு சாண் கூட இல்லை.

"இங்கயா?"

"இங்கதான் சார். புகையில ஒண்ணும் தெரியல, கம்பி கைக்கு மாட்டுச்சு. நல்லா அழுத்துனேன். கொஞ்சம் உள்ள போச்சு, நின்னுடுச்சு. பூட்டிருக்குன்னு நெனச்சேன். அப்பதான் பின்னாடி தள்ளு தள்ளுன்னு கத்துனாங்க. எல்லாம் ஆம்பளைங்க குரல். நமக்குத்தான் முடியல, தெம்பு இருக்கறவங்க வராங்க, வழி விடணும்னு அவளையும் இழுத்துக்கிட்டு ஓரமா தள்ளி நின்னேன்." நீட்டிய கையைக் கதவிலிருந்து எடுத்தார். "பஸ்ல சொல்வாங்கல்ல சார், கொஞ்சம் தள்ளுன்னு. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

பின்னால் வந்தவர்கள் மொத்தமாகக் கதவில் சாய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாரத்தில் நாக்கு சட்டத்தோடு இறுகிவிட்டது. முன்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கம்பியில் கை வைக்கவே இடமில்லை. அந்த நெரிசலில்தான் இவர் பிடித்திருந்த கை விட்டுப்போனது. கடைசியில் எந்திரம் ஓட்டுகிறவர் ஒருவர் பூட்டுப் பக்கமாகப் புகுந்து உதைத்துத் திறந்திருக்கிறார்.

நான் அந்தச் சொல்லைப் பற்றி நினைத்துக்கொண்டு நின்றேன். பட்டையில் முதலில் 'தள்ளவும்' என்றுதான் இருந்தது. ஐந்து எழுத்து; சின்னதாகத்தான் போட முடிந்தது. தள்ளு என்றால் மூன்றே எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். மரியாதை குறைவாக இருக்கிறதே என்று பெரிய முதலாளி தயங்கியபோது, "தீப்பிடிச்சா யாரு சார் மரியாதை பாக்கப்போறா" என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தோம். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. பஸ்ஸிலும் வரிசையிலும் படுக்கையிலும் ஆயிரம் தடவை தள்ளு என்று கேட்டு நகர்ந்து கொடுத்திருக்கிறேன். நகர்ந்து கொடுப்பதற்கும் அதே சொல்தான் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கூடத்தில் கத்தியவர்கள் பட்டையைப் பார்த்துக் கத்தினார்களா, தாமாகவே கத்தினார்களா என்பதும் இனித் தெரியப்போவதில்லை.

"அந்த இடத்துல உங்க கை மட்டும் இல்லம்மா, யார் கை வச்சிருந்தாலும் சுலபமா திறந்திருக்காது," என்றேன். மாமியாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "அப்புறம் அங்க ஏன்யா கம்பி இருக்கு?"

தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

முதலாளி ஒரு பக்கம் கேட்டிருந்தார். நான் எழுதியது மூன்று பக்கம் வந்தது. ஊமைச் சாண் பற்றி, முப்பத்தொரு கிலோ பற்றி, அது முதல் வருடமே எங்களுக்குத் தெரியும் என்பது பற்றி, தள்ளு என்ற சொல்லுக்கு இருக்கும் இரண்டு பொருள் பற்றி, அதைத் தேர்ந்தெடுத்தது நான் என்பது பற்றி. அவர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"இந்தக் கம்பி எத்தன கதவுல இருக்கு சார்?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"அத்தனையும் கழட்டணும்."

"ஆமா சார்."

"அவசரப்பட வேணாம். எங்கிட்ட இருக்கட்டும். வக்கீலக் கேட்டுட்டு சொல்றேன்."

"காலைலயே அதிகாரிகிட்ட ஒரு காப்பி குடுத்துட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எங்கிட்ட மொதல்ல குடுத்திருக்கலாமே. உங்கள நான் வேத்து மனுஷனா பாத்ததே இல்ல," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பிறகு அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. கம்பிப் பிரிவை மூடிவிடப்போவதாகத் தொழிற்சாலையில் பேச்சு அடிபட்டது. நான் போனால் சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுவிடும். கிலோ அண்ணன் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்காருவார். "ஆளுக்கு நாப்பது கிலோ மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டா எப்படிச் சாப்பாடு இறங்கும்," என்பார்.

மூடும்வரை வேலை இருக்கிறதல்லவா. புதுக் கம்பியை வரைந்தேன். இரண்டு கைகளையும் உள்ளே ஒரு தண்டால் இணைத்தேன். ஒன்று இறங்கினால் மற்றதும் அதே அளவு இறங்கியாக வேண்டும். கம்பி சாய இடமே இல்லை. நாக்கின் முனையில் ஒரு சிறு உருளை வைத்தேன், பாரத்தில் இறுகினாலும் சட்டத்திலிருந்து உருண்டு விடுபடுவதற்கு. கதவோடு மணல் மூட்டைகளைச் சாய்த்து வைத்துத்தான் சோதித்தோம். பட்டையில் எந்தச் சொல்லும் போடவில்லை. முழு நீளத்துக்கும் இருட்டில் ஒளிரும் பச்சைப் பூச்சு மட்டும். அதுவும் போதுமா என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் வேண்டுதலை வேலை முடிந்த பிறகு சொல்கிறேன்.

"நம்ம கைய நம்பாதீங்க தம்பி," என்றார் கிலோ. "இதுக்கெல்லாம் வழி தெரியும். தெரியாத கைய கூட்டிட்டு வாங்க."

மடிப்புக்காரப் பெண்ணுக்குச் சொல்லியனுப்பினேன். விசாரணை அறிக்கை அப்போதும் வந்திருக்கவில்லை. என் மூன்று பக்கத்தைப் படித்தார்களா என்றும் தெரியவில்லை. அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். இரண்டடி பின்னால் மாமியாரும் வந்தார். பஸ்ஸில் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்திருப்பார்கள் என்று தோன்றியது.

சோதனை அறையில் இரண்டு கதவுகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் புதுக் கம்பி. மற்றதில் கரி படிந்த பழையது. அதிகாரி இன்னும் திருப்பி வாங்கவில்லை. மருமகள் புதுக் கதவுக்குப் போய், இடக்கையைக் கீல் பக்கத்து முனையில் வைத்தார். கட்டுப் பிரித்த தோல் அங்கங்கே வெளிறி மினுங்கியது. லேசாகத்தான் அழுத்தினார். நாக்கு உள்ளே போகும் சத்தம் கேட்டது. கதவு திறந்து, பின்பக்க முற்றத்து வெயில் உள்ளே விழுந்தது.

"ஏழு கிலோ," என்றார் கிலோ, தாழ்ந்த குரலில்.

மருமகள் வெளியே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தார். மறுபடி சாத்தினார். ஐந்தாறு முறை அப்படிச் செய்தார். யாரும் தடுக்கவில்லை.

"இதுல எது அது?" என்று மாமியார் கேட்டார்.

நான் பழைய கதவைக் காட்டினேன். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. நேராகப் போய்க் கீல் பக்கத்து முனையில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தார். அழுத்தினார். கம்பி கொஞ்சம் உள்ளே போய் நின்றது. இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கைகளை எடுத்துவிட்டுத் தோளைக் கொடுத்தார். முள் பதினெட்டுக்குப் போய், இருபதைத் தொட்டு நடுங்கியது. அந்த அம்மாவின் செருப்பு சிமென்ட் தரையில் வழுக்கிப் பின்னால் நகர்ந்தது. முன்னால் இழுத்து ஊன்றினார்; மறுபடி வழுக்கியது.

நான் "போதும்மா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மருமகள் அங்கே போயிருந்தார். மாமியாரைத் தொடவில்லை. தன் செருப்பை உதறிவிட்டு, வெறும் பாதத்தை அந்தக் குதிகாலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, முட்டுக் கொடுத்து நின்றார். செருப்பு நகர்வது நின்றது. முட்டு கிடைத்தது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலை அந்தப் பாதத்தில் நன்றாக ஊன்றி, திறக்காத கதவை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்.