அத்தைகளுக்குப் போடாத வட்டம்

செங்கல்பட்டு மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் ஜெஸ்ஸி, சஹானாவின் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சஹானாவின் மார்பில் இருந்தது சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்துவிட்டது. ஆனாலும் குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ உண்டா என்று கேட்க அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க வூட்ல யாருக்கும் கிடையாதும்மா," என்றார் அப்பா லட்சுமணன். "அண்ணன் தம்பி மூணு பேரு. மூணு பேரும் குண்டுக்கல்லு மாதிரி கீறோம்."

ஜெஸ்ஸி மூன்று சதுரங்கள் போட்டார்.

தன் காதில்தான் கோளாறோ என்று சஹானாவுக்குத் தோன்றியது. "பர்வதம் அத்தை? ஞானம்பாள் அத்தை?"

"அவங்கள ஏன் இழுக்குற? கட்டிக் குடுத்தாச்சு, கோத்திரமே மாறிப்போச்சு. அது அவங்கவங்க வூட்டு நோவு."

அப்பா எதையும் மறைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பர்வதம் அத்தை மார்பகப் புற்றில் செத்துப்போனவள். ஞானம்பாள் அத்தைக்கு இப்போது சினைப்பையில். பொங்கல் சீர் கொண்டுபோகும்போது மட்டும் இருவரும் 'நம்ம வூட்டுப் பொண்ணுங்க'.

"சார், தாலி கட்டினா ரத்தம் மாறாது," என்றபடி ஜெஸ்ஸி இரண்டு வட்டங்களைச் சேர்த்து, நோய் வந்தவர்கள் என்று காட்டக் கறுப்படித்தார். "இது அப்பா வழியாவும் வரலாம். நோய் வந்த அத்தைக்கு முதல்ல டெஸ்ட் பண்ணணும். அவங்ககிட்ட மரபணுக் கோளாறு இருந்தா, அடுத்து உங்களுக்கு. உங்களுக்கும் இருந்தாதான் சஹானாவுக்கு."

"பொம்பளைங்க நோவுக்கு எனக்கு இன்னா டெஸ்ட்டு?" அப்பா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஞானம்பாள் அத்தையைப் பார்க்க சஹானா மட்டும் மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினாள். பெரியவர்கள் விஷயத்தில் தலையிடுகிறோமோ என்று திருக்கழுக்குன்றம் வரை யோசித்தாள். அதற்குப் பிறகு கோபம் மட்டும்தான் மிச்சமிருந்தது.

அத்தை வீட்டில் அவள் கணவர் ராஜாராம் மாமா விஷயத்தைக் கேட்டதுமே கையை உதறினார். "உங்க வூட்லேர்ந்து வந்த நோவு. உங்க அப்பாவையே டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லு. எங்க பரம்பரையில இது கிடையாது. அம்முவுக்கு வரன் பாத்துகினு கீறோம், ஊரெல்லாம் டமாரம் அடிக்காத."

"அம்மு அத்தை பெத்த பொண்ணு இல்லையா மாமா?"

"அவ எங்க கோத்திரம்."

உள்ளேயிருந்து ஞானம்பாள் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மருந்தில் முடியெல்லாம் கொட்டியிருந்ததால் தலையில் துண்டு கட்டியிருந்தாள். "பர்வதம் போனப்பவே இந்த டெஸ்ட்ட என்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அத்தை தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"பொறந்த வூட்டுக்குப் போனா நீ வேற வூடு. இங்க இருந்தா உங்க வூட்டு நோவு. நோவு மட்டும் என் வயித்துல." சஹானாவைப் பார்த்தாள். "ரத்தம் இன்னைக்கே எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க அத்தை."

"யாரக் கேட்டுக் கிளம்புற?" என்றார் மாமா.

அத்தை உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அம்மு, செருப்ப மாட்டு. அந்த டாக்டரம்மா சொல்றத நீயும் கேட்டுக்கோ."

மாமா வாசற்படியிலேயே நின்றார்.

"வழி விடுங்க," என்றாள் அத்தை. "பஸ்ஸு போய்டும்."