இஸ்திரிப்பெட்டியிடம் விடைபெறுதல்

சலவைக் கடையின் பின்னறையில் அவளுக்கு இஸ்திரி வேலை. போன மாதம் ஒருநாள் பெட்டியை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் வந்து பார்த்தால் மேசை விரிப்பு கருகி ஓட்டையாகியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கோங்க" என்றார் முதலாளி. அவர் குரலை உயர்த்தவேயில்லை.

சுவரில் சீட்டு எழுதி ஒட்டினாள். மூன்றாம் நாளே அதுவும் சுவரோடு சுவராகிவிட்டது. கைப்பேசியில் மணி வைத்தாள். யாருடைய சட்டைக் காலரோடோ அவள் மல்லுக்கட்டும் நேரத்தில் அது அடித்து, அவளிடம் திட்டு வாங்கியது. கடைசியில் முன்கடையில் துணி மடிப்பவள்தான் வழி சொன்னாள்.

"அக்கா, வீட்டுல மாமாகிட்ட சொல்லாம கிளம்புவீங்களா?"

"அவர்கிட்ட சொல்லாமகூட கிளம்பிடுவேன். கைப்பை இல்லாம கிளம்பமாட்டேன்."

"அப்ப பையை சுவிட்ச் மேல மாட்டுங்க. எடுக்கும்போது சுவிட்சத் தட்டிட்டு, பெட்டிகிட்ட 'போய்ட்டு வரேன்'னு சொல்லுங்க."

"பைத்தியம்னு சொல்லுவாங்கடி."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?"

முதல் வாரம் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு மாலையும் தான் சொன்னதை நினைத்துக்கொண்டே பேருந்தில் போனாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

ஐந்தாவது வாரம், வெளியூரிலிருந்து தங்கை இரவு வருகிற நாள்; வேலை முடிக்கும்போதே மனம் வீட்டில் இருந்தது. பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியதும் நெஞ்சு திடுக்கென்றது. அணைத்தேனா? நேற்றும் முந்தாநாளும் ஒன்றோடொன்று குழம்பி வந்தன. இன்று மட்டும் வரவேயில்லை. இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

மடிப்பவள் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எதை விட்டுட்டீங்க?"

அவள் நேராகப் பின்னறைக்குள் போனாள். சுவிட்ச் அணைந்திருந்தது. பெட்டியில் கை வைத்தாள். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"'போய்ட்டு வரேன்'னு சத்தமாதான சொன்னீங்க. பெட்டி பதில் பேசாதுல்ல, அதான் நானே 'பாத்துப் போங்க'ன்னேன்."

"நெஜமாவா சொன்னேன்?"

"தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்."

முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நேரம் அதை நினைவில் தேடிக்கொண்டிருந்தாளே, அந்தப் பழக்கம் எப்போதோ நினைவை விட்டுக் கைக்கும் வாய்க்கும் இடம் மாறிப் போயிருக்கிறது. இன்று ஏறிய படிகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஆனாலும் ஏறித்தானே வந்தோம்.

அடுத்த பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்தேகம் ஒருமுறை தலை நீட்டியது. அவள் இடம் கொடுக்கவில்லை. கண் அசந்து தன் நிறுத்தத்தைத் தவறவிட்டு, நடத்துனர் எழுப்பியபின் இறங்கி, அவசரமே இல்லாமல் திரும்பி நடந்தாள்.